ஓர் உருவம், இரு குரல்கள்



திரையில் ஒருவர் வாயசைக்க, திரைக்குப் பின்னால் இன்னொருவர் பாடுவது நமக்குப் புதினமான சங்கதியல்ல. 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்தில் தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். 1945இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் ருக்மிணியின் வாயசைவுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் பொருத்தப்பட்டது. பின்னணிப் பாடகர் என்ற ஓர் இனமே அதன் பின்னர் நம்மிடையே தோன்றிவிட்டது. வானொலிப் பெட்டியின் முன்னால் அமர்ந்து பாட்டுக் கேட்ட நம்மவர்கள், படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் அறிவிப்பாளர் வாயால் கேட்டே வளர்ந்தவர்கள். நடிகருக்கு உடல், பாடகருக்குக் குரல், இருவருக்கும் புகழ் என்ற ஏற்பாடு நமக்குப் பழகிப்போனது.

ஆனால், நடிகருக்கு உடலே இல்லாத ஒரு படத்தில் இந்த ஏற்பாடு எதற்கு? கார்ட்டூன் என்று நாம் பொதுவாக அழைக்கும் சித்திரப் படத்தில் திரையில் தோன்றுவது ஓவியம். அதற்குக் குரல் மட்டுமே வெளியிலிருந்து வரவேண்டும். அந்த ஒரு குரலையும் இரண்டாகப் பிளந்து, பேசுவதற்கு ஒருவர், பாடுவதற்கு இன்னொருவர் என்று ஏன் வைக்கிறார்கள்? நன்றாகப் பாடக்கூடிய ஒருவரையே இரண்டுக்கும் அமர்த்திவிட்டால் வேலை முடிந்ததே! இவ்வினாவுக்கு விடை தேடினால் ஹொலிவூட்டின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வரலாறு நம் முன்னே விரிகிறது. அந்த வரலாற்றில் கலையின் தேவையும் இருக்கிறது. வணிகத்தின் கணக்கும் இருக்கிறது. சிலருக்கு இழைக்கப்பட்ட அநீதியும் இருக்கிறது.

வோல்ட் டிஸ்னியின் முதலாவது முழுநீளச் சித்திரப் படமான 'ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்' 1937இல் வெளிவந்தது. அதில் இந்தப் பிளவு இல்லை. ஸ்னோ வைட்டுக்காகப் பேசியவரும் பாடியவரும் அட்ரியானா கசலோட்டி என்ற ஒரே இளம்பெண்தான். அவருடைய தந்தையார் பாட்டு வாத்தியார். சிறுமியின் குரலில் பாடக்கூடிய மாணவி எவரேனும் உண்டா என்று டிஸ்னி நிறுவனத்தார் தந்தையாரிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, வீட்டின் மற்றத் தொலைபேசியில் ஒட்டுக்கேட்டுக் கொண்டிருந்த மகள் இடையிற் புகுந்து பாடிக் காட்டினாராம். குரல் தேர்வின்போது பாட வந்தவரின் முகத்தைப் பார்க்காமல், ஒலியை மாத்திரம் தம் அறையிலிருந்து கேட்டார் டிஸ்னி. அழகிய முகம் செவியை ஏமாற்றிவிடக் கூடாது என்பது அவருடைய எண்ணம். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற டியானா டர்பினின் குரல்கூட, முதிர்ச்சி மிக்கது என்று ஒதுக்கப்பட்டது.

இத்தனை கவனத்தோடு தேடிய குரலுக்குக் கிடைத்த மரியாதை என்ன? கசலோட்டி பெற்ற ஊதியம் 970 டொலர். படத்தில் குரல் கொடுத்த ஒருவரின் பெயரேனும் திரையிற் காட்டப்படவில்லை. ஸ்னோ வைட் என்பவள் உண்மையிலேயே இருக்கிறாள், அவள்தான் பாடுகிறாள் என்ற மயக்கம் கலைந்துவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தப் படத்தின் பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து விலைப்பட்டன. வருமானத்தில் பங்கு கேட்டு கசலோட்டியும், இளவரசனுக்குக் குரல் கொடுத்த ஹரி ஸ்டொக்வெல்லும் 1938இல் வழக்குத் தொடுத்தார்கள், பயன் கிட்டவில்லை. ஒரு குரலைப் பேச்சென்றும் பாட்டென்றும் பிரிப்பதற்கு முன்னரே, குரலையும் ஆளையும் பிரிப்பது தொடங்கிவிட்டது என்பதை நேயர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஆள் மறைந்திருக்கும்வரை, அந்த இடத்தில் ஓராள் நின்றாலென்ன, இரண்டு ஆட்கள் நின்றாலென்ன?

அந்த இரண்டாவது ஆள் விரைவிலேயே வந்து சேர்ந்தார். 1941இல் வெளிவந்த 'டம்போ' படத்திலே, சிறையிடப்பட்ட தாய் யானை தன் குட்டியைத் தும்பிக்கையால் தாலாட்டும் காட்சி பார்ப்போரைக் கண்கலங்க வைப்பது. படம் முழுவதிலும் அந்தத் தாய் வாய்திறந்து பேசுவது தன் குட்டியின் பெயரை மட்டுமே. அந்தப் பேச்சுக்குக் குரல் கொடுத்தவர் வேர்னா பெல்டன். தாலாட்டைப் பாடியவர் பெட்டி நோய்ஸ். அப்பாட்டு ஒஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பாடியவர் பெயர் திரையில் இல்லை.

இதே பெட்டி நோய்ஸின் கதை இன்னுமொரு வகையில் நம்மை வியக்கவைப்பது. 1952இல் வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' என்ற புகழ்பெற்ற படம், குரல் இரவல் கொடுக்கும் ஓர் இளம்பெண்ணின் கதை. குரல் வளமில்லாத நட்சத்திர நடிகைக்காக அவள் மறைவில் நின்று பாடுகிறாள்; முடிவில் திரை விலகி உண்மை வெளிப்படுகிறது; பாடியவளுக்கு நீதி கிடைக்கிறது. அந்த இளம்பெண்ணாக நடித்தவர் டெபி ரெய்னோல்ட்ஸ். ஆனால் இரவல் கொடுப்பதாகக் காட்டப்படும் அந்தப் பாட்டையே அவர் பாடவில்லை. பாடியவர் பெட்டி நோய்ஸ். கதைக்குள்ளே பாடகிக்கு நீதி வழங்கிய படம், கதைக்கு வெளியே தன் பாடகியின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

மனிதர் நடித்த படங்களில் இந்த இரவற் குரலுக்குப் பேர்போனவர் மார்னி நிக்ஸன். 1956இல் 'த கிங் அண்ட் ஐ' படத்தில் டெபரா கேருக்காகவும், 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நற்றலி வூட்டுக்காகவும், 1964இல் 'மை ஃபெயர் லேடி'யில் ஓட்ரி ஹெப்பேர்னுக்காகவும் பாடியவர் அவரே. இதை வெளியிற் சொன்னால் இனி வேலை கிடையாது என்று முதற்படத்தின்போது அவர் மிரட்டப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். உண்மையை ஊரறியச் சொன்னவர் டெபரா கேர்தான். மார்னி நிக்ஸனின் இறுதிக்காலச் சாதனைகளில் ஒன்று சித்திரப் படத்திலே அமைந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

இனி, பிளவு பெருவழக்கான காலத்துக்கு வருவோம். 1989இல் 'த லிட்டில் மெர்மெய்ட்' வெளிவந்தது. அதன் பாடலாசிரியர் ஹவார்ட் அஷ்மன் நாடக மேடையிலிருந்து வந்தவர். கதை ஓடிக்கொண்டிருக்கையில் பாட்டு வந்து அதை நிறுத்துவதை அவர் விரும்பவில்லை. பாட்டே கதையை நகர்த்தவேண்டும் என்றார். ஆகவே கடற்கன்னிக்குப் பேசவும் பாடவும், தமது மேடை நாடகமொன்றில் நடித்திருந்த ஜோடி பென்சனையே அழைத்தார். 1991இல் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்திலும் அப்படியே. மேடை நடிகை பேய்ஜ் ஓஹாரா இரண்டையும் செய்தார். நியூயோர்க்கின் புரோட்வே மேடையில் நடிப்பவர் பாடவும் வேண்டும். அங்கே இரவலுக்கு இடமில்லை. அந்த மேடைப் பயிற்சிதான் இவ்விரு படங்களின் பலம்.

அஷ்மன் 1991இல் காலமானார். அடுத்த ஆண்டு வந்த 'அலாடின்' படத்திலே நிலைமை மாறியது. பூதத்துக்குக் குரல் கொடுத்த றொபின் வில்லியம்ஸ் தாமே பாடினார். ஆனால் நாயகனுக்காகப் பேசியவர் ஸ்கொட் வைங்கர், பாடியவர் பிராட் கேன். இளவரசி ஜாஸ்மினுக்காகப் பேசியவர் லிண்டா லார்க்கின், பாடியவர் பிலிப்பைன்ஸ் நாட்டவரான லீயா சலோங்கா. அந்தப் படத்தின் காதற் பாட்டு ஒஸ்கார் பரிசு பெற்றது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒலிக்கும் அதே பாட்டைப் பாடியவர்களோ பீபோ பிரைசன், ரெஜினா பெல் என்ற மூன்றாவது சோடி. 1993இல் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அவர்களுடைய பதிவுதான். ஒரு காதலர் சோடிக்கு ஆறு குரல்கள்!

அதன் பின்னர் இது வழமையாகிவிட்டது. 1994இல் 'த லயன் கிங்' படத்தில் வளர்ந்த சிம்பாவுக்காக மத்தியூ புரோடரிக் பேச, ஜோசப் வில்லியம்ஸ் பாடினார். குட்டிச் சிம்பாவுக்கும் அப்படியே இருவர். 1995இல் பொக்கஹொன்ராஸுக்காக அயரின் பெடார்ட் பேச, ஜூடி கூன் பாடினார். 1997இல் அனஸ்தேசியாவுக்காக மெக் றயன் பேச, லிஸ் கல்லவே பாடினார். 1998இல் முலானுக்காக மிங்-நா வென் பேச, மீண்டும் லீயா சலோங்கா பாடினார். அரேபியக் கதையின் இளவரசியும் சீனக் கதையின் வீராங்கனையும் பாடும்போது ஒருத்தியாகிவிடுகிறார்கள், பேசும்போது வெவ்வேறாகிவிடுகிறார்கள். அதே 'முலான்' படத்தில் கிழவிப் பாட்டியாருக்காகப் பேசியவர் ஜூன் ஃபொரே. பாடியவர் நாம் முன்னர் கண்ட மார்னி நிக்ஸன். வாழ்நாளெல்லாம் பேரழகிகளின் உதடுகளுக்குள் ஒளிந்திருந்து பாடியவர், ஒரு சித்திரக் கிழவிக்காகவும் பாடினார்.

இதற்குரிய காரணங்களை நான் நான்காக வகுத்துக் கொள்கிறேன்.

முதலாவது, வேலை நடக்கும் ஒழுங்கு. சித்திரப் படத்திலே முதலில் வருவது ஒலி. படம் பின்னர்தான் வரையப்படும். ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். எந்தச் சட்டத்தில் எந்த எழுத்து ஒலிக்கிறது என்று ஒலிப்பதிவை அளந்து பார்த்து அதற்கேற்ப ஓவியர் வாயை வரைவார். பாட்டுக் காட்சிகள் பெரும்பாலும் கதைவசனம் முற்றுப்பெறுவதற்கு முன்னரே பதிவாகிவிடும். ஒரு படம் முடிய மூன்று நான்கு வருடங்கள் செல்லும். அந்த இடைவெளியில் பாத்திரத்தின் வயதும் குணமும் மாறலாம். பேசுபவரை மாற்றவேண்டி வரலாம். சிறுவரென்றால் இன்னுமொரு சங்கடம்: குரல் உடைந்துவிடும். 1967இல் வந்த 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்லிக்காக முதலில் அமர்த்திய சிறுவனுக்கு அப்படி நேர்ந்ததால், இயக்குநர் தம் மகனையே அந்த இடத்தில் அமர்த்தினார். பேச்சும் பாட்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கூடத்தில் பதிவாகும்போது, வெவ்வேறு ஆட்களிடம் போய்ச் சேருவது இயல்பே.

இரண்டாவது, தொழில் வேறுபாடு. பேச்சு நடிப்பும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து பிறந்தாலும் ஒரே வித்தையல்ல. பேசுபவருக்கு வேண்டியது குரலின் தனித்தன்மை: சிறு கரகரப்பு, தயக்கம், சிரிப்பு. பாடுபவருக்கு வேண்டியது மூச்சுக்கட்டுப்பாடு, சுருதிச் சுத்தம், உச்சத்தில் நின்று பிடிக்கும் வலிமை. இரண்டும் ஒருவரிடம் கூடிவருவது வரம். 'லயன் கிங்'கில் ஸ்கார் என்ற கொடிய சிங்கமாகப் பேசிய ஜெரமி அயன்ஸ் தாமேதான் பாடினார். பாட்டின் முடிவை எட்டுமுன் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசிப் பகுதியை அவரைப்போலவே பாடி முடித்தவர் ஜிம் கமிங்ஸ். கேட்பவர்க்குத் தையல் தெரியாது.

மூன்றாவது, வணிகம். றொபின் வில்லியம்ஸின் வெற்றிக்குப் பின்னர், சுவரொட்டியில் அச்சிடத்தக்க பெரிய பெயர்களைத் தயாரிப்பாளர்கள் தேடத் தொடங்கினார்கள். நட்சத்திரத்தின் பெயர் வேண்டும். ஆனால் நட்சத்திரத்துக்குப் பாட வராது. 1998இல் வந்த 'த பிரின்ஸ் ஒஃப் ஈஜிப்ற்' இதற்கு நல்ல உதாரணம். மோசேக்காக வால் கில்மர் பேச, அமிக் பைரம் பாடினார்; மிரியமுக்காக சாண்ட்ரா புல்லொக் பேச, சாலி ட்வோர்ஸ்கி பாடினார். அதே படத்தில் தாய்க்காகப் பேசியவரும் பாடியவரும் யெமன் வழிவந்த இஸ்ரவேலப் பாடகி ஒஃப்ரா ஹாசா. பிற மொழிப் பதிப்புகள் பலவற்றிலும் அந்தத் தாலாட்டை அவரே அவ்வம்மொழியிற் பாடினார். நட்சத்திரங்கள் நிறைந்த அந்தப் படத்தில், காதை விட்டு அகலாமல் நிற்பது அந்தத் தாயின் ஒற்றைக் குரல்தான் என்பது என் அபிப்பிராயம்.

நான்காவது, சித்திரப் படத்துக்கே உரிய ஒரு வசதி. மனிதர் நடிக்கும் படத்தில் தெரிந்த முகத்திலிருந்து தெரியாத குரல் புறப்பட்டால் நாம் துணுக்குறுவோம். ஓவியத்துக்கோ பிறவிக் குரல் என்று ஒன்றில்லை. எந்தக் குரலைக் கொடுத்தாலும் அது தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும். பாவைக்கூத்தில் மரப்பொம்மை எவர் குரலுக்கும் ஆடுவதைப் போன்றது இது. மொழிமாற்றம் செய்யும்போது இவ்வசதி பெருகுகிறது. 2019இல் வந்த 'ஃப்ரோசன்' இரண்டாம் பாகத்தின் ஹிந்திப் பதிப்பில் எல்சாவுக்காகப் பிரியங்கா சோப்ரா பேச, சுனிதி சௌகான் பாடினார். தமிழ்ப் பதிப்பிலோ பேசியவரும் பாடியவரும் சுருதி ஹாசன். ஒரே ஓவியம், ஒரு மொழியில் ஒரு குரல், இன்னொரு மொழியில் இரு குரல்.

ஆக, பிளவு கலைக்கு அவசியமா என்றால், அவசியமில்லை. பாவமா என்றால், பாவமுமில்லை. பேச்சையும் பாட்டையும் அவரவர் வல்லமைக்கேற்பப் பங்கிடுவதில் தவறேதும் கிடையாது. தவறு வேறிடத்தில் இருக்கிறது.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பிலே படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு உண்டாவதுண்டு. ஆடுபவள் மாதவி ஒருத்திதான். அரசவையின் கண்களெல்லாம் அவள்மீதுதான். ஆனால் இளங்கோவடிகள் நேரே மாதவியின் ஆட்டத்துக்குப் போய்விடவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை வாசிப்பவன், குழலூதுபவன், யாழ் மீட்டுபவன் என்று ஒவ்வொருவராக நிறுத்தி, இன்னவர்க்கு இன்ன தகுதி வேண்டும் என்று விரித்துரைத்த பின்னரே அவளை அரங்கேற்றுகிறார். அவர்களுடைய பெயர்களை அவர் சொல்லவில்லைதான். ஆயினும் அவர்களுடைய வித்தையைச் சொல்லாமல் விடவில்லை. ஓர் ஆட்டத்துக்குப் பின்னே இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று காட்டியதனால் மாதவியின் பெருமை குறைந்துவிட்டதா? கூடியது. மயக்கம் கலைந்துவிடும் என்று பெயரை மறைத்தவர்களுக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன்.

நிலைமை ஒரேயடியாக மாறவில்லை; வழக்குகளாலும் வற்புறுத்தலாலும் மெல்ல மெல்ல மாறியது. 1955இல் வெளிவந்த 'லேடி அண்ட் த ட்ராம்ப்' படத்தில் பாத்திரங்கள் சிலவற்றுக்குப் பேசியும் பாடியும், பாடல்களை எழுதுவதிற் பங்கேற்றும் இருந்தவர் பெகி லீ. 1987இல் அப்படம் வீடியோ நாடாவாகி விற்பனையானது. பொதுமக்களுக்கு விற்கும் பதிவுகளில் தமக்குள்ள உரிமையை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அவர், 1988இல் வழக்குத் தொடுத்தார். 1991இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. கிடைத்த இழப்பீடு 20 இலட்சம் டொலருக்கும் மேல். கசலோட்டிக்குக் கிடைக்காதது, அரை நூற்றாண்டு கடந்து இன்னொரு பாடகிக்குக் கிடைத்தது. 'அலாடின்' காலத்தில் பாடியவர்களின் பெயர்கள் படத்தின் இறுதிப் பட்டியலில் தனியாக இடம்பெற்றன. 2011இல் டிஸ்னி நிறுவனம் தன் உயர்ந்த கௌரவத்தை வழங்கியபோது, ஜாஸ்மினுக்காகப் பேசிய லிண்டா லார்க்கினுக்கும், பாடிய லீயா சலோங்காவுக்கும் ஒரே ஆண்டில் வழங்கியது.

2025இல் நெற்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'கேபொப் டீமன் ஹன்ரர்ஸ்' படத்தில் கொரியப் பாடகியர் மூவர் கதாநாயகிகள். பேசியவர்கள் மூவர், பாடியவர்கள் வேறு மூவர். அதன் பாட்டு அவ்வாண்டு ஓகஸ்டில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாடிய மூவரும் தம் சொந்த முகத்தோடும் பெயரோடும் மேடையில் நின்று அதைப் பாடினார்கள். சித்திர நாயகியரின் மாயம் அதனால் கலைந்துவிடவில்லை. அவர்களைச் சிறுவர்கள் முன்னிலும் அதிகமாகவே நேசித்தார்கள்.

இன்று இந்த விடயம் புதியதோர் ஆபத்தை எதிர்நோக்குகிறது. ஒருவரின் குரலைச் சிறிதளவு கேட்டுவிட்டு, அவர் பாடாத பாட்டை அவர் குரலிலேயே பாடிக்காட்டும் கணினிகள் வந்துவிட்டன. 2023இல் ஹொலிவூட் நடிகர்கள் நான்கு மாதங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கிய கோரிக்கைகளில் ஒன்று, சம்மதமின்றியும் ஊதியமின்றியும் தம் உருவத்தையும் குரலையும் இயந்திரத்தால் பிரதி செய்யக்கூடாது என்பதாகும். கசலோட்டியின் காலத்தில் குரலிலிருந்து பெயரைப் பிரித்தார்கள். இப்போது குரலை அதன் தொண்டையிலிருந்தே பிரித்தெடுக்க முடிகிறது. பாடகருக்கு நட்சத்திரம் போட்டியாக இருந்த காலம் போய், பாடகருக்கு அவருடைய சொந்தக் குரலே போட்டியாக வரும் காலம் இது.

ஆகவே நேயர்களே, பிள்ளைகளோடு இருந்து இத்தகைய படமொன்றைப் பார்க்கும்போது, கதை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். கடைசியில் சிறிய எழுத்தில் ஓடும் பெயர்களைப் பொறுமையோடு வாசியுங்கள். பேசியவர் இன்னார், பாடியவர் இன்னார் என்று பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிடித்த பாட்டை அவர்கள் முணுமுணுக்கும்போது, அதைப் பாடியவர் யாரென்று ஒருமுறை கேளுங்கள். அவர்கள் நாயகியின் பெயரைச் சொன்னால், இரண்டாவது பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.